அடுத்த ஊசிக்கு எத்தனை நாள்?

சிவகாசி வட்டாரத்தில், ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒருவருக்கு வயிறு மட்டும் தனியாக உப்பினால் ஊர் தீர்ப்பு உடனே வந்துவிடும்: குடித்துக் குடித்து ஈரல் கெட்டுப்போச்சு. பல நேரம் அந்தத் தீர்ப்பு சரியாகவும் இருக்கும். வயிற்றில் நீர் கோத்துக்கொள்வதற்கு முதல் காரணம் ஈரல் சுருக்க நோய்தான். ஆனால் தீப்பெட்டி ஆபீஸிலேயே பாதி ஆயுளைக் கழித்த, சாராய வாடையே அறியாத ஒரு பெண்ணுக்கும் இதே வயிறு வரும். சேலைக் கொசுவம் இடுப்பில் நிற்காது. நாலு வாய் சோறு இறங்கியதும் அடைத்துக்கொள்ளும். மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டும். "குடிக்கிறது அண்ணன், வயிறு வீங்குறது ஒங்களுக்கா மதினி?" என்று பக்கத்து வீட்டில் கேட்பார்கள். கேலிபோலத் தோன்றினாலும் மருத்துவமும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். இந்த நீர் எங்கிருந்து வருகிறது?

அதற்கான பதில் அந்த நீரிலேயே இருக்கிறது. ஊசியால் கொஞ்சம் எடுத்து, அதில் அல்புமின் என்ற புரதம் எவ்வளவு என்று பார்ப்பார்கள். அதே நாளில் ரத்தத்திலும் பார்த்து, ரத்த அளவிலிருந்து நீரின் அளவைக் கழிப்பார்கள். வித்தியாசம் டெசிலிட்டருக்கு 1.1 கிராமோ அதற்கு மேலோ இருந்தால், ஈரலுக்குப் போகும் பெரிய ரத்தக்குழாயில் அழுத்தம் ஏறி நீர் பிதுங்குகிறது என்று பொருள். அதற்குக் கீழே என்றால் வயிற்றின் உள்சவ்வே கசிகிறது. நம் ஊர்களில் அப்படிக் கசிய வைப்பதில் முக்கியமானவை இரண்டு: காசநோய், புற்றுநோய். முன்னது மாத்திரையில் குணமாகும் என்பதால் அதைத் தேடாமல் விடக்கூடாது. பின்னதைத் தேட, நீரைச் சுழற்றி அடியில் படியும் செல்களை நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். பெண்களுக்குச் சினைப்பை, எல்லோருக்கும் இரைப்பை, பெருங்குடல், கணையம் என்று சந்தேகப் பட்டியல் நீளும். இந்தக் கட்டுரை அதில் கடைசியாகச் சொன்னதைப் பற்றியது. எளிதில் பிடிபடாததும், சிகிச்சைக்கு அடங்காததும் அதுதான்.

அந்த உள்சவ்வின் பெயர் பெரிடோனியம். வயிற்றுச் சுவரின் உட்புறத்தையும் குடல், இரைப்பை, ஈரல் ஆகியவற்றின் வெளிப்புறத்தையும் போர்த்திக் கிடக்கிறது. விரித்துப் போட்டால் ஏறக்குறைய உடம்புத் தோல் அளவுக்குப் பரப்பு வரும். குடல்கள் உரசாமல் வழுக்கிச் செல்வதற்காக அதில் எப்போதும் சிறிதளவு நீர் சுரந்துகொண்டிருக்கும். சுரப்பதை உதரவிதானத்தின் அடிப்பக்கத்துள்ள நுண்துளைகள் உறிஞ்சி நிணநீர்க் குழாய்களுக்கு அனுப்பிவிடும். புற்றுநோய் செல்கள் கணையத்திலிருந்து உதிர்ந்து இந்தச் சவ்வில் ஒட்டி வளரும்போது இரண்டு பக்கமும் கெடுகின்றன: வடியும் துளைகளைச் செல்கள் அடைக்கின்றன, சவ்வின் ரத்தக்குழாய்கள் கசியத் தொடங்குகின்றன.

கசிவின் காரணம் கண்டுபிடிக்கப்பட்டதும் இதே வயிற்று நீரில்தான். 1983-ல் பாஸ்டனில் டொனால்ட் செங்கர், ஹரால்ட் டுவோராக் குழுவினர் புற்றுநோய் வந்த கினிப்பன்றிகளின் வயிற்று நீரிலிருந்து ஒரு புரதத்தைப் பிரித்தார்கள். ரத்தக்குழாய்களைக் கசிய வைப்பதில் அது ஹிஸ்டமினைவிடச் சுமார் 50,000 மடங்கு வீரியம் உள்ளது என்று பின்னர் கணக்கிட்டார்கள். கசிவைத் தூண்டும் பொருள் என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். புதிய ரத்தக்குழாய்களை முளைக்க வைப்பதும் அதே புரதம்தான் என்று 1989-ல் தெரியவந்தது. இன்று புற்றுநோய் மருத்துவத்தில் அடிக்கடி அடிபடும் 'வி.இ.ஜி.எஃப்.' அதுதான்.

கசியும் ரத்தக்குழாய் சிவகாசி வட்டாரத்துக்குப் புதிதல்ல. வெடிவிபத்தில் கருகியவரின் முகமும் கைகாலும் முதல் இரண்டு நாளில் அடையாளம் தெரியாமல் வீங்குவதும், பாட்டில் பாட்டிலாகக் குளுக்கோஸும் உப்புநீரும் ஏற்றுவதும் இங்கே பார்த்துப் பழகியவை. அங்கும் நுண்குழாய்கள் புரதத்தோடு நீரை வெளியே விடுகின்றன. தீக்காயத்தில் ஓரிரு நாளில் குழாய்கள் மூடிக்கொள்ளும். புற்றுநோயில் கசிவைத் தூண்டும் ஆலை நிற்பதே இல்லை. நீர் பிரிய வைக்கும் மாத்திரைகள் ஈரல் நோயில் உதவும் அளவுக்கு இங்கே உதவாமல் போவதும் இதனால்தான். எடுத்தால் குறையும், மறுபடி சேரும். கணையப் புற்றுநோய் ஈரலுக்குப் பரவியிருந்தாலோ, ஈரலுக்குப் போகும் ரத்தக்குழாயை நெரித்தாலோ கதை இன்னும் கலப்படமாகும், 1.1 கணக்கு அப்போது மேலே ஏறிவிடும், மாத்திரையும் ஓரளவு வேலை செய்யும்.

"பயராபீஸ் மருந்துதான் காரணமா?" என்று, பட்டாசு ஆலையை நினைத்து, இங்கே யாரும் கேட்காமல் விடுவதில்லை. கந்தகமும் அலுமினியத் தூளும் வெடியுப்பும் தோலுக்கும் நுரையீரலுக்கும் நல்லவை என்று யாரும் சொல்லப்போவதில்லை. ஆனால் கணையப் புற்றுநோய்க்கு நிரூபிக்கப்பட்ட காரணங்களின் வரிசையில் அவை இல்லை. இருப்பவை: புகையிலை, பல வருடச் சர்க்கரை நோய், உடல் பருமன், கணையத்தில் நாட்பட்ட அழற்சி, சில குடும்பங்களில் மரபணுக் கோளாறு. புகையிலை என்றால் பீடி, சிகரெட் மட்டுமல்ல. தீக்குச்சி உரசவே கூடாத இடத்தில் வேலை செய்கிறவர் வெற்றிலையோடு சேர்த்து அதக்கும் புகையிலையும் கணையத்தைத் தாக்கும் என்பதை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு உறுதி செய்திருக்கிறது.

நாட்பட்ட அழற்சியில் தென்னிந்தியாவுக்குத் தனிப் பங்கு உண்டு. கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் குடிக்காத இளம் வயதினருக்கே கணையத்தில் கல் சேர்ந்து, வயிற்றுவலியும் பிறகு சர்க்கரையும் வரும் ஒரு நோய் இருக்கிறது. வெப்பமண்டலக் கணைய அழற்சி என்று அதை அழைக்கிறார்கள். சென்னையில் டாக்டர் வி. மோகன் உள்ளிட்டோர் இப்படிப்பட்ட 185 நோயாளிகளைச் சராசரியாக நாலரை வருடம் பின்தொடர்ந்து 1994-ல் வெளியிட்ட ஆய்வு, இவர்களுக்குக் கணையப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சுமார் 100 மடங்கு என்று கண்டது. சின்ன வயதிலிருந்தே வயிற்றுவலி, ஸ்கேனில் கணையக்கல், பிறகு சர்க்கரை என்று வரலாறு உள்ளவர், திடீரென்று எடை இழந்தால் 'சுகர் கூடியிருக்கும்' என்று விட்டுவிடக்கூடாது.

உலகில் 2022-ல் சுமார் 5 லட்சத்து 10 ஆயிரம் பேருக்குக் கணையப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. அதே ஆண்டில் சுமார் 4 லட்சத்து 67 ஆயிரம் பேர் அதனால் இறந்தார்கள். இரண்டு எண்ணும் இவ்வளவு நெருங்கி நிற்கும் புற்றுநோய்கள் குறைவு. வயிற்றில் நீர் சேர்ந்துவிட்டால் பெரும்பாலும் பேச்சு வாரங்களிலும் மாதங்களிலும்தான். இதைத் தெரிந்துகொண்ட குடும்பத்தினர் கைப்பேசியில் தேடத் தொடங்குவார்கள். தேடினால் முதலில் வருவது இம்யூனோதெரபி.

தேடியது தப்பில்லை. நோயாளியின் எதிர்ப்புச் செல்களையே புற்றுநோய்க்கு எதிராகத் திருப்பிவிடும் இந்தச் சிகிச்சை, தோல் மெலனோமாவிலும் நுரையீரல் புற்றுநோயிலும் கைவிடப்பட்ட பலரை வருடக்கணக்கில் வாழ வைத்திருக்கிறது. எதிர்ப்புச் செல்களில் படைவீரர்கள் என்று சொல்லத்தக்கவை டி செல்கள். அவை எல்லை மீறாதிருக்க உடம்பே அவற்றில் தடைகளை வைத்திருக்கிறது. புற்றுநோய் அந்தத் தடையை அமுக்கித் தப்பிக்கிறது. தடையை விடுவிக்கும் வழியைக் கண்ட ஜேம்ஸ் ஆலிசனுக்கும் தசுக்கு ஹோன்ஜோவுக்கும் 2018-ல் நோபல் பரிசு கிடைத்தது. பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப் என்று நீளமான பெயருள்ள ஊசிகள் எல்லாம் அந்த வழியில் வந்தவை.

கணையத்தில் இந்த வித்தை எடுபடவில்லை. இந்த வகை மருந்து ஒன்றின் முதல் பெரிய சோதனை முடிவு 2012-ல் வெளியானபோது, அதில் சேர்ந்திருந்த 14 கணையப் புற்றுநோயாளிகளில் ஒருவருக்குக்கூடக் கட்டி சுருங்கவில்லை. காரணம் இப்போது ஓரளவு தெரியும். கணையக் கட்டியில் புற்றுநோய் செல்களைவிட நார்த்திசுதான் அதிகம். அந்த இறுகிய நாருக்குள் டி செல்கள் நுழையவே திணறும். நுழைந்தவற்றையும் மந்தப்படுத்தும் வேறு வெள்ளணுக்களைக் கட்டி தன்னைச் சுற்றி நிறுத்தி வைத்திருக்கும். எதிரி என்று டி செல் அடையாளம் காணத்தக்க பிறழ்வுகளும் இதில் குறைவு. தடையை விடுவிக்கலாம், விடுவிக்கப்பட வேண்டிய படையே அங்கே இல்லை என்றால் என்ன செய்வது?

விதிவிலக்கு உண்டு. நூற்றில் ஒரு கணையக் கட்டியில் டி.என்.ஏ. பிழை திருத்தும் பொறி பழுதாகி, பிறழ்வுகள் குவிந்து கிடக்கும். 'எம்.எஸ்.ஐ. ஹை' என்று பரிசோதனைச் சீட்டில் எழுதுவது இதைத்தான். எந்த உறுப்பில் வந்த புற்றுநோயானாலும் இந்தக் குறி இருந்தால் பெம்ப்ரோலிசுமாப் கொடுக்கலாம் என்று 2017-ல் அமெரிக்கா அனுமதித்தது. அப்போதும் கணையம் கொஞ்சம் முரண்டு பிடிக்கிறது: ஒரு சோதனையில் இந்தக் குறி உள்ள 22 கணைய நோயாளிகளில் 4 பேருக்கே கட்டி சுருங்கியது. ஆனாலும் அந்த நாலு பேரின் பக்கம் நின்று பார்த்தால் இது சின்ன விஷயம் அல்ல. சோதனை செய்யாமலே 'எதற்கும் போட்டுப் பார்ப்போம்' என்று நிலத்தை விற்று ஊசி வாங்குவதுதான் தவறு; அந்த யோசனை நோயாளி வீட்டிலிருந்து வந்தாலும் சரி, மருத்துவமனையிலிருந்து வந்தாலும் சரி.

கட்டியைக் கரைக்க முடியாவிட்டால் போகட்டும், நீரையாவது நிறுத்த முடியுமா? இங்கேதான் இம்யூனோதெரபி கேட்கப்படாத ஒரு மூலையில் ஜெயித்திருக்கிறது.

வயிற்று நீருக்குள் நார்த்திசு கிடையாது. புற்றுநோய் செல்கள் தனித்தனியாகவும் சிறு கூட்டமாகவும் மிதக்கின்றன. டி செல்களும் அதே நீரில் இருக்கின்றன, சோர்ந்துபோய். எதிரியும் காவலும் ஒரே குளத்தில் இருந்தும் கண்டுகொள்வதில்லை. அவர்களை ஒன்றாகப் பிடித்துக் கட்டிவிட்டால்? மியூனிக் நகரின் ஹோர்ஸ்ட் லிண்ட்ஹோஃபர் உருவாக்கிய காட்டுமேக்சோமாப் என்ற ஆன்டிபாடி செய்வது அதைத்தான். பாதி எலி, பாதி சுண்டெலியிலிருந்து வந்த விசித்திரக் கலப்பு அது. அதன் ஒரு கை, டி செல்லின் மேலுள்ள சிடி3 என்ற கொக்கியைப் பிடிக்கும். இன்னொரு கை, புற்றுநோய் செல்லின் மேலுள்ள எப்கேம் என்ற புரதத்தைப் பிடிக்கும். தண்டுப் பகுதி விழுங்கணுக்களையும் இயற்கைக் கொல்லி செல்களையும் அழைத்து வரும்.

எப்கேமைக் குறியாகத் தேர்ந்ததில்தான் சூட்சுமம். கணையம், இரைப்பை, சினைப்பை, பெருங்குடல் ஆகியவற்றில் பிறக்கும் பெரும்பாலான புற்றுநோய் செல்களில் அது இருக்கிறது. பெரிடோனியத்தின் சொந்தச் செல்களில் இல்லை. ஆகவே வயிற்றறைக்குள் அந்தப் புரதத்தைச் சுமந்து திரிகிற எதுவும் வேற்றாள்தான். அதே மருந்தை நரம்பில் ஏற்றினால் உடம்பெங்கும் எப்கேம் உள்ள நல்ல செல்களும் மாட்டும். அதனால் குழாய் போட்டு நீரை வடித்துவிட்டு, அதே குழாய் வழியாக மருந்தை வயிற்றுக்குள்ளேயே மெதுவாக விடுகிறார்கள். பதினொரு நாளில் நாலு முறை. அளவு மைக்ரோகிராமில்: முதலில் 10, பிறகு 20, 50, கடைசியாக 150. இந்தப் படிக்கட்டு எதற்கு என்பதை ஏழாயிரம்பண்ணைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை; பட்டாசுக்கான மணிமருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கலக்க வேண்டும் என்று அறிந்தவர்கள். டி செல்கள் ஒரேயடியாகக் கிளம்பினால் அவை கொட்டும் சைட்டோகைன்கள் உடம்பையே உலுக்கிவிடும். படியேற்றிக் கொடுத்தும் காய்ச்சல், குமட்டல், வாந்தி, வயிற்றுவலி பலருக்கு வருகின்றன.

பலன் என்ன? 258 நோயாளிகளை வைத்து நடந்த சோதனையின் முடிவு 2010-ல் வெளியானது. ஒரு பிரிவினருக்கு நீர் எடுப்பது மட்டும். இன்னொரு பிரிவினருக்கு நீர் எடுத்து மருந்து. அடுத்த ஊசி தேவைப்படாமல் உயிரோடு இருந்த நாட்களின் இடைநிலை, முன்னவர்களுக்கு 11, மருந்து பெற்றவர்களுக்கு 46. மருந்து உலகில் இவ்வளவு பெரிய இடைவெளி அடிக்கடி கிடைக்காது. முடிவு இதழில் வெளியாகும் முன்பே, 2009-ல், ஐரோப்பா அனுமதி கொடுத்துவிட்டது. புற்றுநோய் வயிற்று நீருக்கென்றே அங்கீகாரம் பெற்ற முதல் மருந்து அது.

46 என்ற எண்ணைக் கணையக்காரர்கள் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. சோதனையில் பாதிப்பேர் சினைப்பைப் புற்றுநோயாளிகள். அவர்களுக்குத்தான் 52 நாள். மற்ற புற்றுநோய்கள் எல்லாம் சேர்ந்த பிரிவில் 14-க்கு எதிராக 37. அந்தப் பிரிவிலும் சுமார் பாதி இரைப்பைப் புற்றுநோய், கணையம் சிலருக்கே. ஆகவே நேர்மையான எண் 37, அதுவும் பக்கத்து வீட்டு எண்.

ஆயுள்? மருந்து பெற்றவர்கள் 72 நாள், பெறாதவர்கள் 68. வித்தியாசம் இல்லை என்றே கொள்ள வேண்டும். நீர் மட்டும் எடுத்தவர்கள் அடுத்த ஊசி தேவைப்பட்டதும் மருந்துப் பிரிவுக்கு மாறிக்கொள்ளலாம் என்று அனுமதித்திருந்தார்கள். உண்மையான வித்தியாசத்தை அது மங்கச் செய்திருக்கலாம். அப்படியே இருந்தாலும் இது ஆயுளை நீட்டும் மருந்து என்று யாரும் விற்க முடியாது.

என் கணக்கு வேறு மாதிரி. ஆயுள் 70 நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பதினொரு நாளைக்கு ஒருமுறை சாத்தூருக்கோ கோவில்பட்டிக்கோ மதுரைக்கோ கார் பிடித்து, துணைக்கு ஒருவர் சம்பளத்தை விட்டு வந்து, ஸ்கேன் வாசலில் காத்திருந்து நீர் எடுத்துத் திரும்பினால், அதில் ஆறு பயணம் போய்விடும். ஒவ்வொரு பயணத்துக்கும் முந்தைய மூன்று நாள் சாப்பிட முடியாமலும் படுக்க முடியாமலும் போகும். ஆறை ஒன்றாகவோ இரண்டாகவோ குறைப்பது மருத்துவ வெற்றிதான். ஆயுளை மட்டும் அளக்கும் முழக்கோலில் இது விழவே விழாது. ஆனால் வயிறு இறுகிக் கிடப்பவருக்கு மட்டன் சாறு நாலு வாய் இறங்குவது என்ன என்று அந்த வீட்டார்தான் சொல்ல வேண்டும்.

விற்றவர்களுக்கு அந்தக் கணக்கு போதவில்லை. வணிகக் காரணங்களால் 2017-ல் மருந்து ஐரோப்பியச் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. வேலை செய்யவில்லை என்பதாலோ ஆபத்து என்பதாலோ அல்ல. லிண்ட்ஹோஃபர் விடாமல் மறுபடி விண்ணப்பித்து, 2025 பிப்ரவரியில் கோர்ஜுனி என்ற புதுப் பெயரில் ஐரோப்பாவில் அனுமதி பெற்றார். இதே இரண்டு குறிகளையும் பிடிக்கும் எம்701 என்ற ஆன்டிபாடியைச் சீனாவில் சோதித்து வருகிறார்கள். இதற்கெல்லாம் முன்பே, 1970-களிலிருந்து, ஜப்பானியர்கள் செயலிழக்கச் செய்த ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியை ஓகே-432 என்ற பெயரில் வயிற்றுக்குள் விட்டு, எதிர்ப்புச் செல்களை உசுப்பி நீரைக் குறைக்கப் பார்த்தார்கள். நாட்டு வைத்தியம்போலத் தோன்றினாலும், வயிற்றறையை ஒரு தனிப் போர்க்களமாகப் பார்த்த அந்த யோசனையின் வழியில்தான் இன்றைய ஆன்டிபாடிகளும் நடக்கின்றன.

இந்தியாவிலும் இம்யூனோதெரபி வளர்கிறது. பம்பாய் ஐ.ஐ.டி.யும் டாட்டா நினைவு மருத்துவமனையும் உருவாக்கிய நெக்ஸ்கார்19 என்ற கார்-டி சிகிச்சைக்கு 2023-ல் அனுமதி கிடைத்தது. அது ரத்தப் புற்றுநோய்க்கு. டாட்டா நினைவு மருத்துவமனை நிவோலுமாபை வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக, 20 மில்லிகிராம் மட்டும் கொடுத்து, தலை, கழுத்துப் புற்றுநோயாளிகளில் ஒரு வருடம் உயிரோடிருப்போர் விகிதத்தை 16-லிருந்து 43 சதவீதமாக்கியது. ஏழை நாட்டுக்கேற்ற அருமையான ஆய்வு. அதைக் காட்டிக் கணையத்துக்கும் குறைந்த அளவு போட்டால் போதும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். போதாதது அளவு அல்ல.

இன்று ஏழாயிரம்பண்ணையிலிருந்து கிளம்பும் ஒருவருக்கு எட்டுவது எது? ஸ்கேன் பார்த்து ஊசி போட்டு நீர் எடுப்பது. இதை மாவட்ட அளவிலேயே செய்யலாம். விருதுநகரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரியும் இயங்குகிறது. 'தண்ணி எடுத்தா சத்தெல்லாம் போயிரும், சீக்கிரம் போயிருவாங்க' என்ற பயம் ஊர்ப்பக்கம் பலமாக இருக்கிறது. புரதம் கொஞ்சம் போவது உண்மைதான். ஆனால் மூச்சு முட்டும்போது எடுக்காமல் வைத்திருப்பதால் அந்தச் சத்து உடம்புக்குத் திரும்பப் போவதில்லை. அடிக்கடி சேர்ந்தால், வயிற்றில் ஒரு மெல்லிய குழாயை நிலையாகப் பொருத்தி, வீட்டிலேயே தினம் கொஞ்சமாக வடிக்கலாம். குழாய் வாயைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும், கிருமி தொற்றினால் காய்ச்சலும் வலியும் வரும். சொல்லிக்கொடுத்தால் வீட்டுப் பெண்களே கச்சிதமாகச் செய்துவிடுவார்கள். உடம்பு தாங்குமானால் கீமோதெரபியும் நீரைக் குறைக்கக்கூடும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் புற்றுநோய்ச் சிகிச்சைக்கு அதைக் காட்டலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வலி தணிப்புச் செவிலியர் வீடு தேடி வருவதும் அடக்கம். இம்யூனோதெரபி ஊசி எங்கே கிடைக்கும் என்று பல ஊர் அலைகிறவர்கள், வலிக்கு மார்ஃபின் கேட்டு வாங்க மறந்துவிடுகிறார்கள். கணைய வலிக்கு அதைவிட உருப்படியான சொத்து அநேகருக்கு இல்லை.

எம்.எஸ்.ஐ. சோதனைக்கு வருவோம். கணையம் முதுகெலும்புக்கு முன்னால், ஆழத்தில் கிடப்பதால், ஊசி வழி எடுக்கும் திசு பெரும்பாலும் துணுக்குதான். 'நோய் உறுதி' என்று எழுதவே அது சரியாகப்போகும்; மேற்கொண்டு சோதிக்க மிச்சமிருக்காது. மறுபடி பயாப்சி என்றதும் நோயாளி வேண்டாம் என்பார், நியாயமும்கூட. அங்கே வயிற்று நீர் கைகொடுக்கும். எடுத்த நீரைச் சுழற்றி, படிந்த செல்களை மெழுகில் உறையவைத்துக் கட்டியாக்கினால் அது ஒரு பயாப்சித் துண்டுக்குச் சமம். பிழை திருத்தும் புரதங்கள் இருக்கின்றனவா இல்லையா என்று அதில் சாயமேற்றிப் பார்க்கலாம். செல்கள் போதுமான அளவு இருக்க வேண்டும் என்பதால், ஒரு சின்னக் குப்பி அனுப்பாமல் தாராளமாக அனுப்பச் சொல்ல வேண்டும். அனுப்பும் நாளில் நீர் நாறிப்போகாமல் குளிரில் வைத்து விரைவாக ஆய்வகம் சேர்க்க வேண்டும். லிட்டர் கணக்கில் வாளியில் பிடித்துக் கொட்டுவதற்கு முன்பு, "டாக்டர், இதில் செல் பிளாக் போட்டு எம்.எஸ்.ஐ. பார்க்க முடியுமா?" என்று துணைக்கு வந்தவர் கேட்டுவிட்டால் போதும்.